பன்றிக்கு இடம் மாறும் கொட்டில்

பன்றி அழுக்கை விரும்பும் பிராணி என்பர். அது தவறு. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு; ஆதலின் வெயிலிற் சேற்றை நாடுகின்றது. நிழலும் நீரும் போதிய இடமும் கிடைப்பின், படுக்குமிடத்தை விட்டு ஒரு மூலையிலேயே மலங்கழிக்கும்.

இயற்கை முறையில் வெளியில் வளர்ப்போருக்குக் கிடுகு வேய்ந்த சிறு கொட்டில் போதுமானது. வெறுந் தகரம் நண்பகலிற் கொதிக்கும். கொட்டில் மேட்டு நிலத்தில், வாடைக்காற்றுக்கு வாயிலைக் காட்டாது நிற்றல் வேண்டும். வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததை அகற்றிக் கூட்டெருக் குவியலிற் சேர்க்கலாம். அடியில் இரு மரச்சட்டங்களைப் பொருத்தின் இழுத்துச் செல்லலாம்.

இழுப்பது எதற்கு? வட்டப்புழுவின் முட்டைகள் மண்ணிற் பல ஆண்டுகள் கிடக்கும். புழு மருந்து கொடுத்த பன்றியை அதே மண்ணில் விட்டால் மருந்துச் செலவு வீணே. ஒவ்வொரு தொகுதிக் குட்டிகளுக்கும் புதுநிலம் வேண்டும். விட்ட நிலத்திற் சோளம் விதைக்கலாம்; பச்சையாக உண்ணும் மரக்கறிகளை நடலாகாது. அப்புழு மனிதரையும் பற்றும்.

2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்டது. அது மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கோ குணப்படுத்தும் மருந்தில்லை. வயலை உழக்கும் காட்டுப்பன்றியும் அதனைப் பரப்பக்கூடும். எனவே வெளியில் வளர்ப்போர் இடைவெளி விட்டு இரட்டை வேலி அடைத்தல் அவசியம். உணவுக்கடைக் கழிவைக் கொடுத்தலாகாது. பன்றிகள் காய்ச்சலுற்று மடியின், விற்காமலும் இறைச்சியாக்காமலும் உடனே மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.