மலைத் தோட்டத்தில் மஞ்சள் காவல்

தினைப்புனத்துப் பரண்மீதிருந்து கிளி கடிந்த மகளிர் குளிர், தட்டை, தழல் முதலிய கருவிகளைக் கையாண்டதைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டால் அறிகிறோம். சங்கப் புலவர் பாடிய பொதினியே பழனியாயிற்று என்பர். அப்பழனி மலைத்தொடரில் இன்று தினைப்புனங்கள் அருகிவிட்டன. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பகுதிகளின் அடுக்கு வயல்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் வெள்ளைப்பூண்டும் விளைகின்றன. கிளியை ஓசையால் ஓட்டலாம். இலையடியில் ஒட்டிக் கிடக்கும் அசுவினியை எதனால் ஓட்டுவது?

நஞ்சு தெளிப்பதே வழியென்று உழவர் பலர் எண்ணுகின்றனர். மலைச்சரிவில் தெளித்த நஞ்சோ மழைநீரோடு இறங்கி, அடிவாரத்து மக்கள் பருகும் ஓடைகளைச் சேர வழியுண்டு. ஆகவே, தெளிக்கும் முன் தேவை உண்டா என்று அறிவது கடமையாகிறது. இதற்கு உதவுவதே மஞ்சள் ஒட்டுப்பொறி.

மஞ்சள் வண்ணம் தீட்டிய நீர்த்தட்டில் அசுவினிகள் வந்து விழுவதை ஜெர்மானிய அறிஞர் மோரிக்கே 1951இல் எழுதினார். இளந்தளிரின் ஒளியைத் தேடிப் பறக்கும் பூச்சிக்கு, அவ்வொளியைத் தளிரினும் மிகுதியாக வீசும் மஞ்சள் பரப்பு பெருந்தளிராகத் தோன்றுகிறது போலும்! வெள்ளை ஈயும் இலைத்துளைப்பானின் ஈயும் அவ்வாறே ஏமாறுகின்றன. இலைப்பேன்களை நீல வண்ணம் நன்கு ஈர்க்கும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு இலைப்பேன் பெரும்பகை. அங்கே நீல அட்டை பயன்தரும்.

பழைய தகரத்தில் மஞ்சள் வண்ணம் பூசி, விளக்கெண்ணெய் தடவி, பயிரின் தலைக்குச் சற்று மேலே கட்டினால் போதும். ஹெக்டேருக்கு 12 என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மலை மழையில் எண்ணெய் கழுவப்படுமாதலால் அடிக்கடி துடைத்துப் பூச வேண்டும்.

ஆயினும் அட்டையை மருந்தென மயங்கலாகாது. அதில் சிக்குவன சிறகுடையவை மட்டுமே. சிறகில்லா அசுவினித் தாய்கள் ஆண் துணையின்றியே இலையடியில் குஞ்சுகளை ஈன்றுகொண்டிருக்கும். அட்டை காவலாள், வாரந்தோறும் அதில் ஒட்டியவற்றை எண்ணிப் பார்ப்பவனுக்கே அது பேசும். உருளைக்கிழங்கின் நச்சுயிரி நோய்கள் சிலவற்றை அசுவினி சில நொடிகளில் செடிக்குச் செடி பரப்பிவிடும். மருந்து அதனைக் கொல்வதற்குள் தீங்கு முடிந்துவிடும். கீழ்மலையில் விருப்பாட்சி வாழைத் தோட்டங்களை அழித்த முடிக்கொத்து நோயைச் சுமந்ததும் ஓர் அசுவினியே. எனவே பூச்சியின் வரவை முன்னரே அறிந்து, நோயுற்ற செடியை உடனே பிடுங்கி அகற்றுவது நன்று.

அட்டை பகையையும் நட்பையும் பிரித்தறியாது. அசுவினியை உண்ணும் ஈயும், ஒட்டுண்ணிக் குளவியும், சிலவேளை தேனீயும் அதில் மாள்கின்றன. தேனீயின் பெயரால் திருமறையில் ஓர் அத்தியாயமே அமைந்திருக்க, அதனை விளக்கெண்ணெயில் மாளவிடுவது நமக்கு உவப்பன்று. பீன்ஸ் பூக்கும் நாட்களில் அட்டைகளைக் குறைத்துவிடுவதே முறை எனக் கருதுகிறோம்.

முட்டைக்கோசைத் துளைக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு இவ்வட்டையால் பெரும்பயன் இல்லை. அந்தி மயங்கியபின் துணையின் மணத்தை நாடிப் பறப்பது அது. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறியே ஏற்றது.