மாடல் விமானத்தில் ஸ்பின்னரைப் பொருத்துவது எப்படி?

கம்ப்யூட்டரில் பிளைட் சிமுலேட்டர் ஓட்டிப் பழகியவர்கள் சிலர் அடுத்து வாங்குவது மின் மோட்டார் பொருத்திய சிறிய மாடல் விமானம். ரிமோட், பேட்டரி பற்றியெல்லாம் என்னிடம் விசாரிப்பார்கள். மூக்கில் உள்ள கூம்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அதன் பெயர் ஸ்பின்னர். 1993-ல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டு ஹன்சா விமானத்திலும் இது உண்டு. புரொப்பெல்லரின் நடுப்பகுதியை மூடி, காற்றைச் சீராகப் பின்னே அனுப்புவது இதன் வேலை.

அழகுக்கு வைத்த மூடி என்று இதை நினைக்க வேண்டாம். மோட்டாரின் மேல் 1000 கேவி என்று இருந்தால், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 1000 சுற்று என்று பொருள். 11.1 வோல்ட் பேட்டரியில் சுமை இல்லாதபோது 11,100 சுற்று வரும். புரொப்பெல்லர் மாட்டிய பின் குறைந்துவிடும். 8,000 என்று வைத்துக் கொள்வோம். 40 மி.மீ. ஸ்பின்னரின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் 1 கிராம் எடை கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? எக்ஸெல்லில் நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். மோட்டார் தண்டை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 1.4 கிலோ எடைக்குச் சமம்! நிமிடத்திற்கு 1,500 சுற்று சுற்றும் கம்ப்யூட்டர் விசிறியில் இதே 1 கிராம் வெறும் 50 கிராம் இழுப்பைத்தான் தரும். கோவை பம்ப்செட் பட்டறைகளில் இம்பெல்லரை ஏன் பேலன்ஸ் செய்கிறார்கள் என்பது இப்போது புரியும்.

பொருத்தும் முன் பேட்டரியைக் கழற்றி வைக்கவும். மோட்டார் தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிடவும். தண்டைக் கவ்விப் பிடிக்கும் அடாப்டரை முதலில் நுழைக்கவும். அடுத்து ஸ்பின்னரின் பின்தட்டு, அதன்மேல் புரொப்பெல்லர், வாஷர், நட் என்ற வரிசையில் வர வேண்டும். புரொப்பெல்லரில் அளவு எழுதிய பக்கம் முன்னோக்கி இருக்கட்டும். நட்டைச் சரியான ஸ்பேனரால் இறுக்கவும். கட்டிங் பிளேயர் வேண்டாம். புரொப்பெல்லரைப் பிடித்திருப்பது இந்த நட்தான், கூம்பு அல்ல.

கடைசியாகக் கூம்பு. அதில் வெட்டியுள்ள இடைவெளி புரொப்பெல்லர் இறக்கையை எங்கும் தொடக் கூடாது. சுற்றிலும் 1 மி.மீ. இடம் இருந்தால் நல்லது. திருகுகள் பிளாஸ்டிக்கில் இறங்குவதால் அளவோடு இறுக்கவும். அங்கே திரெட் லாக்கர் விடாதீர்கள், சில வகை பிளாஸ்டிக் அதனால் வெடித்துவிடும். சில மாடல்களில் அலுமினியக் கூம்பே நட்டாக இருக்கும். அதன் பக்கத் துளையில் சிறு கம்பியைச் செருகி இறுக்க வேண்டும்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று மென்பொருளில் இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் இடப்பக்கமாகச் சுற்றும். காற்றின் தடை வலப்பக்கமாகத் தள்ளும். நட்டின் மரையும் வலப்பக்கமாகத்தான் இறுகும். எனவே ஓடும்போது நட் தளராது. ஆனால் ஸ்பீடு கன்ட்ரோலரில் பிரேக் ஆன் ஆகியிருந்தால், மோட்டார் சட்டென நிற்கும். புரொப்பெல்லர் தன் வேகத்தில் இடப்பக்கமே போகப் பார்க்கும். ஒவ்வொரு நிறுத்தமும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தும் முயற்சிதான். யு.எஸ்.பி. வழியே கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இணைத்து பிரேக்கை ஆப் செய்திடுங்கள். மடங்கும் புரொப்பெல்லர் உள்ள கிளைடர்களுக்கு மட்டும் பிரேக் தேவை. கம்ப்யூட்டரில் இருந்து மோட்டாரை ஓட்டிச் சோதிப்பதாக இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான். மவுஸ் ஒரு இடம் தள்ளிக் கிளிக் ஆனால் விரல் போகும்.

கூம்பு நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதன் முனை அருகே ஒரு பென்சிலைப் பிடித்துக் கையால் சுற்றவும். இடைவெளி கூடிக் குறைந்தால் கழற்றி மறுபடி மாட்டவும். பிறகு விமானத்தைக் கட்டி வைத்து, பின்னால் நின்றுகொண்டு மெதுவாக வேகத்தைக் கூட்டவும். புரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் குழந்தைகள் யாரையும் நிற்க விடாதீர்கள். ஏதாவது பிய்த்துக்கொண்டால் அந்தத் திசையில்தான் பறக்கும்.

எங்கள் காங்கேயம் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். தரையிறங்கும்போது மூக்கு குத்துவது சகஜம். அப்படிக் குத்தினால் திருகுத் துளைகளைச் சுற்றி விரிசல் உண்டா, தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி ஏற்ற வேண்டாம். விரிசல் விட்ட கூம்பைப் பசை போட்டு ஒட்டுவதைவிட, புதியது வரும்வரை ஸ்பின்னர் இல்லாமல் பறக்க விடலாம். சிறிய மாடல்கள் அப்படியும் நன்றாகவே பறக்கும்.