கடல் நீங்கிய கரை: பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் கைவினையும் உணவும் காட்சியிடங்களும்

தமிழ் இலக்கணம் நிலத்தை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றற்கும் உரிய உணவு, தொழில், மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என வகுத்துரைத்தது. ஓரிடத்தைக் காணச் செல்வார் அங்குள்ள கோயிலை மட்டும் கண்டு மீளாது, அம்மண்ணில் விளைவது யாது, உண்பது யாது, அங்குள்ளார் கையால் ஆக்குவது யாது என ஒருங்கே நோக்குதற்கு இப்பகுப்பு இன்றும் துணை செய்யும். கடற்கரையூர்களை இம்முறையிற் கண்டெழுதுவார் உளர். யாம் ஈண்டு எடுத்துக்கொண்டது, இற்றைக் கடற்கரைக்கு மேற்கே விலகிக் கிடப்பினும், ஒரு காலத்தே தானும் கடற்கரையாய் இருந்த நிலப்பகுதியாகும். 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்று பிரிந்த பெரம்பலூரும், 2001-இல் அதனின்று பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டமாகிய அரியலூருமே அப்பகுதி.

இப்பகுதியின் கைவினைகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். ஒரு கைவினையின் வாழ்நாளை அதன் அழகு மட்டும் அறுதியிடுவதில்லை. அதனை வேண்டி வருவார் எத்துணை வகையினர் என்பதும் அதனை அறுதியிடுகின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லில் நின்ற கடல்

பல கோடி ஆண்டுகட்கு முன் இந்நிலத்தின்மேற் கடல் ஏறியும் இறங்கியும் இருந்தது. அக்காலத்துச் சிப்பியும் சங்கும் சுருளுடல் உயிர்களும் இன்று பாறையினுள்ளே கல்லாய்க் கிடக்கின்றன. பிளான்போர்டு என்னும் நிலநூலார் இப்பாறைகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாக வகுத்து 1862-இல் எழுதினார். அதனால், தமிழ் அறியாத நாட்டு நிலநூல்களிலும் ஊட்டத்தூர், அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்கள் வழங்கி வருகின்றன.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கின்றது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினராகிய எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதனை உலகிற்கு அறிவித்தார். கரையில் நின்ற மரம் நீரால் அடித்துச் செல்லப்பட்டுக் கடற்படிவினுள் புதைந்தது. கனிமம் கலந்த நீர் அதன் நாரும் வரியும் குலையாதபடி அதனைக் கல்லாக்கிற்று. அறிவியலார் இதனைப் புதைபடிவம் என்பர். மக்கள் 'கல்மரம்' என்பர். மக்கள் வைத்த பெயர், முன்னிருந்த நிலையையும் பின்னெய்திய நிலையையும் ஒரு சொல்லில் அடக்கியது. காரையில் மழைநீர் அரித்த செம்மண், வெண்மண் மேடுகளும், பேருருவ விலங்குகளின் எலும்புகள் கிடைத்த கல்லமேடும், வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகமும் இவ்வரிசையிற் காணத்தக்கன.

இக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூரின் பெருந்தொழிலாகிய சிமெண்டுக்கு மூலப்பொருள். 1979-இல் அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் தொடங்கிற்று. தனியார் ஆலைகளும் பல உள. சுரங்கம் வெட்டுங்கால் ஆழத்துப் படிவங்கள் வெளிப்படுகின்றன. வெளிப்பட்டவை உடனே எடுத்துப் பேணப்படாவிடில் கல்லோடு கல்லாய் அரைபட்டுப் போகின்றன. காட்டுவதும் அழிப்பதும் ஒரே தொழிலாய் இருத்தலின், வெட்டுமிடத்தில் அறிந்தார் ஒருவர் உடனிருத்தல் இன்றியமையாதது.

இனி, கற்றோர் பலரும் அறிந்த கங்கைகொண்டசோழபுரத்தைப் பற்றி விரித்தல் வேண்டா. கடல் கடந்து கடாரம் கொண்ட முதலாம் இராசேந்திரனின் தலைநகர் இப்பகுதியதே என்பதும், அவன் எடுத்த கோயில் 2004-இல் உலக மரபுச் சின்ன வரிசையிற் சேர்ந்தது என்பதும் அமையும். புள்ளம்பாடி வாய்க்கால் நீர் பெறும் கரைவெட்டி ஏரி, வலசை வரும் வரித்தலை வாத்து முதலிய பறவைகட்குப் புகலாய் இருத்தலின் 2024-இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது.

மரமும் உளியும்

பெரம்பலூர் மாவட்டத்து மேற்கெல்லையிற் பச்சைமலை நிற்கின்றது. அதன் அடிவாரத்து அரும்பாவூரிலும் தழுதாழையிலும் மரச்சிற்பிகள் வாழ்கின்றனர். இறையுருவங்கள், ஊர்திகள், தேர்ச்சிற்பங்கள் ஆகியன இவர்தம் ஆக்கங்கள். உருவங்களைப் பெரும்பாலும் ஒரே மரத்துண்டினின்று வெட்டி எடுத்தல் இவர் மரபு. 2020-இல் 'அரும்பாவூர் மரச்சிற்பம்' புவிசார் குறியீடு பெற்றது.

இவர் கையாளும் மரங்கள் வாகை, மா, மாவிலிங்கம், ஒதி, வேம்பு முதலியன. வாகை, புறத்திணையில் வெற்றிக்குப் பெயர் தந்த மரம். ஒதியோ, எவ்வளவு பருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று பழமொழியில் இகழப்பட்டது. பாரம் தாங்கா மென்மையே அதன் குற்றம். உளிக்கு இணங்குதற்கு அம்மென்மையே குணமாகின்றது. தச்சன் விலக்கிய மரத்தைச் சிற்பி ஏற்கின்றான். இவ்வாறு ஒரு பொருளின் மதிப்பு அதனைக் கொள்ளும் கையால் வேறுபடுதலை நூலில் படிப்பதினும் பட்டறையில் நின்று காண்பது தெளிவாம்.

சாயமும் கோலும்

கொள்ளிடத்தின் வடகரையில், உடையார்பாளையத்தைச் சார்ந்தது கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராத்திய மன்னர் குடும்பத்தார்க்கென இங்கு ஒருவகைச் சேலை நெய்யப்பட்டது. நுண்ணிய பருத்தி நூலினிடையே பொற்சரிகையால் உருக்களை இழைத்து நெய்வர். பின்னர்ச் சாயம் பற்றலாகாத இடங்களை மெழுகால் மறைத்து, ஏனைய இடங்களைச் செம்மையும் கருஞ்செம்மையுமாகச் சாயமேற்றுவர். நெய்தல், எழுதுதல், தோய்த்தல் என்னும் மூன்று வினைகள் ஓர் ஆடையிற் கூடின. சாயத்தின் கீழிருந்து சரிகை மங்கலாய் ஒளிர்தலே அதன் தனிச்சிறப்பு.

1855-இல் இரண்டாம் சிவாஜி மறைந்தார். தஞ்சை அரசமரபு முடிந்தது. அதனைத் தொடர்ந்து இச்சேலையும் அருகி அற்றது. நெய்வார் கைத்திறன் ஒரு நாளில் மறந்ததன்று. அரண்மனை ஒன்றே கொள்வாராய் இருந்ததால், அதன் வாயில் அடைபட்டபோது வேறு வாயில் இல்லாது போயிற்று. இன்று அச்சேலையை அருங்காட்சியகங்களில்தான் காணல் இயலும்.

அதே ஊரின் மற்றொரு கலையாகிய கலங்காரி ஓவியம் பிழைத்தது. நாயக்கர் காலத்தில் வளர்ந்த இக்கலையில், மூங்கிற் குச்சியையோ தென்னையின் பகுதியையோ எழுதுகோலாக்கிப் பருத்தித் துணியில் எழுதுவர். துணிக்குக் கடுக்காயும், கருமைக்கு இரும்பும் வெல்லமும், செம்மை பற்றப் படிகாரமும் கலங்காரி மரபிற் பயன்படுவன. தேர்ச்சீலை, குடை, உருளைபோல் தொங்கும் தொம்பை, மேற்கட்டியாகிய அசுமானகிரி ஆகியன இவ்வழி ஆவன. 'அசுமான்' என்பது வானத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். கலங்காரி என்னும் பெயரும் 'எழுதுகோல்' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லடியாய்ப் பிறந்ததே. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற இக்கலை, கருப்பூரோடு ஆற்றின் தென்கரையிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டை, திருப்பனந்தாள் ஆகியவற்றுக்கும் உரியது.

ஒன்று அழிந்ததும் ஒன்று நின்றதும் ஏன்? சேலையைக் கொண்டது ஓர் அரண்மனை. தொம்பையையும் தேர்ச்சீலையையும் கொண்டவை பல ஊர்க் கோயில்கள். அரசு வீழினும் திருவிழா நிற்கவில்லை. கொள்வார் பலராதல் கலைக்கு அரண் என்பதற்கு இதனின் தெளிந்த சான்று வேண்டா.

வயலும் அடுப்பும்

பெரம்பலூரின் கரிசல் மண்ணில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகின்றன. கம்பங்கூழுக்குச் சின்ன வெங்காயத்தைக் கடித்துண்பது உழவர் காலையுணவு. அறுத்த வெங்காயத்தைக் காற்றோட்டமுற வரிச்சு கட்டிக் கூரை வேய்ந்து சேமிக்கும் அமைப்பையும் இங்குப் 'பட்டறை' என்றே வழங்குவர். சிற்பி தொழில் செய்யுமிடமும் உழவன் விளைவைக் காக்குமிடமும் ஒரே சொல்லாற் சுட்டப்படுதல் சொல்லாராய்ச்சியாளர் நோக்கத்தக்கது.

கிழக்கே செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கங்களின் செம்மண்ணில் முந்திரி செழிக்கின்றது. போர்ச்சுக்கீசியர் பிரேசிலினின்று கொணர்ந்த இம்மரம், கொட்டை கனிக்கு வெளியே முந்தி நிற்பதால், இடையிற் புகுந்து பேசுவாரை 'முந்திரிக்கொட்டை' என்னும் வழக்கையும் தமிழுக்குத் தந்தது. கொட்டையின் தோட்டிலுள்ள நெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். பாயசத்தில் மிதக்கும் பருப்பின் பின்னே அதனை உடைத்தெடுத்த கையின் உழைப்பு இருத்தலை உண்பார் எண்ணுதல் நன்று.

செய்யத்தக்கது

கோடாலிக்கருப்பூர் காட்டும் பாடம் ஏனைய கைவினைகட்கும் பொருந்தும். அரும்பாவூர்ச் சிற்பம் கோயிலோடு வீட்டையும் பள்ளியையும் பொதுமன்றங்களையும் நாடுதல் வேண்டும். கலங்காரி தேர்ச்சீலையாய் நின்றதோடு அமையாது, நாளும் பயன்படும் பொருளாகவும் மாறுதல் வேண்டும். குறியீடு பெயரைக் காக்கும். கலையைக் காப்பார் கொள்வாரே. ஆதலின், கங்கைகொண்டசோழபுரம் காண வருவார் ஒரு நாளை அரும்பாவூர்க்கும் சாத்தனூர்க்கும் ஒதுக்குதலும் கலைக்குச் செய்யும் உதவியேயாம்.

தமிழ்த்துறையார்க்கும் கடமை ஒன்றுண்டு. கொள்ளிடக் கரையின் ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை ஆக்கித் தந்தார். அம்மண்ணிலேயே சிற்பியர், ஓவியர், உழவர் வாயில் வழங்கும் தொழிற்சொற்கள் தொகுக்கப்பட வேண்டுவனவாய் உள்ளன. கருவியின் பெயர், மரத்தின் குணம், சாயத்தின் பதம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைச் சொல்வார் உள்ளபோதே கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். கருப்பூர்ச் சேலையின் துணி அருங்காட்சியகங்களில் எஞ்சியது. அதனை நெய்தார் தம்முள் வழங்கிய பேச்சை எந்த அருங்காட்சியகமும் காத்துவைக்க இயலவில்லை. எஞ்சிய கலைகட்கும் அந்நிலை நேராவண்ணம் மாணவரைக் களத்துக்கு அனுப்புதல் இன்றே தொடங்கத்தக்க பணியாம்.