கிடப்பவரைக் கேட்டீர்களா?

2010-ல் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டை விட்டு ஓடி, உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். தன் கதையை முடித்துவிட்டு நிலத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வீட்டார் பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. முதியவர்களை வீட்டாரே சாகவைக்கும் தலைக்கூத்தல் வெளியுலகில் பெரிதாக அடிபட்டது அதற்குப் பிறகுதான். விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய், குளிர்ந்த தண்ணீர், அடுத்தடுத்து இளநீர். தளர்ந்த உடம்பு தாங்காது. காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் மூச்சு அடங்கும். ஊருக்கு அது வயசான சாவு.

படுக்கையில் புண்ணாகிக் கிடப்பதைவிட இது கருணைதானே என்பவர்கள் உண்டு. அந்தப் பெரியவர் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் என்னால் ஏற்க முடியவில்லை.

விருதுநகரின் கரிசல் மண் விளாத்திகுளம், எட்டயபுரம் என்று தூத்துக்குடி மாவட்டத்துக்குள்ளும் நீள்கிறது. கடற்கரைக்கு வந்தால் கதை தலைகீழ். கப்பலுக்குப் போன மகன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி, விமானம் ஏறி வந்து முகம் பார்க்கும்வரை அப்பாவின் மூச்சை வென்டிலேட்டர் பிடித்துவைத்திருக்க வேண்டும். வந்து பார்த்தபின், "வீட்டுக்குக் கொண்டுபோயிருவோம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முடிவாகும். முத்துக்குளித்த பரதவர் வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களில், குழாயை எடுத்தால் பாவமாச்சே என்ற தவிப்பு வேறு. உயிரைப் போக்குவதுதான் பாவம், பலனின்றிப் பாரமாகிவிட்ட சிகிச்சையை வேண்டாமென்பது அப்படியல்ல என்று வத்திக்கான் 1980-லேயே தெளிவாக்கிவிட்டது.

கொல்வதானாலும் பிடித்துவைப்பதானாலும் கிடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. என்னை அரிப்பது இதுதான்.

மீள வழியில்லாத நிலை வந்தால் உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததை, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்று 2023 ஜனவரியில் தளர்த்தியது. சாட்சிகள் இருவர். அந்த நிலை வந்ததும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். விஷ ஊசிக்கு இதில் இடமே இல்லை.

வள்ளம் யாருக்கு, வீடு யாருக்கு என்று உயில் எழுத உட்காரும் அப்பாவிடம் அன்றைக்கே இதையும் கேளுங்கள். மூக்கில் குழாய் வேண்டுமா? வென்டிலேட்டர்? வலிக்கு மார்ஃபின் மட்டும் போதுமா? வாய் பேச முடியாமல் போனால் அவருக்காக எந்தப் பிள்ளை பேச வேண்டும்? மகள் என்று அவர் சொன்னால் மகள்தான். மனம் மாறினால் எழுதியதை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.