வானூர்திக் கூட்டணிகளும் பயண மைல்களும்

ஆயிரம் எனப் பொருள்படும் 'மில்லே' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே மைல் என்பது. உரோமானியர் காலடிகளால் அளந்த தொலைவை அது குறித்தது. இன்று வானூர்தி நிறுவனங்களின் வழக்கிலோ, பயணி ஈட்டும் ஒருவகைச் சேமிப்பை அது குறிக்கின்றது. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் பணியின் பொருட்டும், உம்ரா நிறைவேற்றவும் நம் மக்கள் இடையறாது பறந்து வருகின்றனர். எனினும் இச்சேமிப்பின் இயல்பை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோற்றமும் கூட்டணிகளும்

அமெரிக்காவில் வானூர்திக் கட்டணங்களின் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் 1978-இல் இயற்றப்பட்டது. போட்டி பெருகவே, பயணிகளைத் தம்பால் நிறுத்திக்கொள்ள அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே திங்களில் மைல் திட்டமொன்றைத் தொடங்கிற்று. பிறரும் பின்தொடர்ந்தனர்.

எந்த ஒரு நிறுவனமும் உலகின் எல்லா ஊர்களுக்கும் பறத்தல் இயலாது. ஆகவே 1997-இல் ஐந்து நிறுவனங்கள் கூடி ஸ்டார் அலையன்ஸ் என்னும் கூட்டணியை அமைத்தன. 1999-இல் ஒன்வேர்ல்டும் 2000-இல் ஸ்கைடீமும் செயற்படத் தொடங்கின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-இலும் ஏர் இந்தியா 2014-இலும் ஸ்டார் அலையன்ஸில் இணைந்தன. கத்தார் ஏர்வேஸ் 2013-இலும் ஸ்ரீலங்கன் 2014-இலும் ஒன்வேர்ல்டைச் சார்ந்தன. சவூதியா 2012-இல் ஸ்கைடீமில் சேர்ந்தது. எமிரேட்ஸோ இம்மூன்றிலும் சேராது தனித்து இயங்குகின்றது.

ஈட்டும் முறை

கூட்டணியிலுள்ள ஏதேனும் ஒரு நிறுவனத்தின் திட்டத்தில் உறுப்பினராதல் போதுமானது. ஏர் இந்தியாவின் உறுப்பினர் ஒருவர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறந்து, அப்பயணத்திற்குரிய மைல்களைத் தம் ஏர் இந்தியாக் கணக்கிலேயே சேர்க்கலாம். ஒரு பயணத்தை ஒரு கணக்கில் மட்டுமே வரவு வைக்க இயலும். நிறுவனந்தோறும் தனித்தனிக் கணக்குத் தொடங்குவோரின் மைல்கள் சிதறி, எதற்கும் பயன்படாது போகின்றன. சிறுதுளிகள் ஒரே கலத்தில் விழுந்தாலன்றிக் கலம் நிறையாது.

பறந்த தொலைவு முழுவதும் மைலாக வரவாகும் எனக் கருதுதல் பொருந்தாது. பயணச்சீட்டின் கட்டண வகையை உணர்த்தும் ஓர் எழுத்தே அளவை முடிவு செய்கின்றது. 2,000 மைல் தொலைவுக்கு 25 விழுக்காடு தரும் வகையாயின் 500 மைல்களே கிட்டும். மிகக் குறைந்த கட்டணச் சீட்டுகள் சிலவற்றிற்கு ஒன்றும் கிட்டாது. சில திட்டங்கள் தொலைவை விடுத்துச் செலுத்திய கட்டணத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன.

கருத்தில் கொள்ளத்தக்கன

நம்மவர் இழப்புக்கு இரு காரணங்கள் உள. ஒன்று, சீட்டை முகவர் வழி வாங்குங்கால் உறுப்பினர் எண்ணைப் பதியாது விடுதல். மற்றொன்று பெயர். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்கி எழுதுவது நம் வழக்கம். கடவுச்சீட்டிலோ அது விரிந்து நிற்கும். உறுப்பினர் கணக்கிலும் பயணச்சீட்டிலும் பெயர் ஒத்திராவிடின் மைல்கள் வந்து சேரா. விடுபட்டவற்றைக் குறிப்பிட்ட காலத்திற்குள் கேட்டுப் பெறலாம். அதற்கு விமானத்தில் ஏறுவதற்குரிய அட்டையைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும்.

ஈட்டிய மைல்களுக்கும் பல திட்டங்களில் காலவரையறை உண்டு. மைல்களால் பெறும் சீட்டிற்கும் வரிகள் செலுத்தவேண்டும். எனவே மைலுக்காக மிகுந்த விலையில் சீட்டு வாங்குதல் வீண் விரயமேயாகும். ஆயின், எவ்வாறேனும் பறந்தே தீரவேண்டிய ஒருவர் தமக்கு உரியதைக் கேளாது விடுதலும் விரயமே. குடும்பத்தைப் பிரிந்து உழைப்போர்க்கு, ஊர் வந்து செல்லும் ஒரு பயணத்தின் செலவு குறைதல் சிறுபயன் அன்று. கல்வி கற்ற மாணவர்கள் தம் இல்லத்துப் பயணிகளுக்கு இதனை எடுத்துரைத்து உதவுதல் நன்று.