15 நிமிடத்தில் கொரோனா "ரிசல்ட்"! சீனக் கருவி கோட்டை விட்டது எப்படி?

24 ஆயிரம் கிட்டுகளைத் திருப்பி அனுப்பியது தமிழ்நாடு

விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். 15 நிமிடத்தில் முடிவு!

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மக்கள் காதில் இந்தச் செய்தி தேனாகப் பாய்ந்தது. சீனாவில் இருந்து "ரேபிட் டெஸ்ட் கிட்" வருகிறது, இனி தெருத் தெருவாகச் சோதனை நடத்தி நோயாளிகளைக் கண்டுபிடித்து விடலாம் என்று ஊரெல்லாம் பேச்சு.

கிட் வந்தது. வந்த பத்து, பதினோரு நாளில் "வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்" என்று உத்தரவும் வந்தது!

என்ன ஆச்சு? அதன் விவரம் வருமாறு:-

5 லட்சம் கிட்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சீனாவின் வோண்ட்போ, லிவ்சான் என்ற 2 கம்பெனிகளின் கிட்டுகளை வாங்க ஏற்பாடு செய்தது. மொத்தம் 5 லட்சம் கிட். ஒரு கிட் விலை 600 ரூபாய்.

தமிழ்நாடு அரசு தனியாக 50 ஆயிரம் கிட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதில் 24 ஆயிரம் வந்து சேர்ந்தது.

முதல் அடி ராஜஸ்தானில் விழுந்தது. கொரோனா இருப்பது ஏற்கனவே உறுதியான நோயாளிகளுக்கே இந்தக் கிட்டை வைத்துப் பார்த்தார்கள். 90 சதவீதம் சரியாக வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்ததோ வெறும் 5.4 சதவீதம்! அதாவது 100 நோயாளிகளில் 94 பேருக்கு மேல் "நோய் இல்லை" என்று சொல்லிவிட்டது கருவி.

ராஜஸ்தான் சோதனையை நிறுத்தியது. மற்ற மாநிலங்களிலும் விசாரித்தார்கள். ஒரு இடத்தில் 6 சதவீதம், இன்னொரு இடத்தில் 71 சதவீதம் என்று கண்டபடி முடிவு வந்திருந்தது. ஏப்ரல் 21-ந்தேதி "2 நாள் யாரும் பயன்படுத்த வேண்டாம்" என்று ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. 27-ந்தேதி, 2 கம்பெனி கிட்டுகளையும் திருப்பி அனுப்பும்படி மாநிலங்களுக்குக் கடிதம் போனது. தமிழ்நாடும் தன் 24 ஆயிரம் கிட்டுகளைத் திருப்பி அனுப்புவதாக அறிவித்தது.

"எங்கள் கருவியில் குறை இல்லை, சொன்ன முறைப்படி பயன்படுத்த வேண்டும்" என்று சீனக் கம்பெனிகள் மறுத்தன.

245 ரூபாய் சரக்கு

இதற்கு நடுவே விலை ரகசியமும் வெளியே வந்தது. இறக்குமதி செய்தவருக்கும் விநியோகஸ்தருக்கும் பணத்தகராறு. வழக்கு டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. சீனாவில் இருந்து வந்து இறங்கிய கிட்டின் அடக்கவிலை 245 ரூபாய் என்பது அங்கேதான் தெரிந்தது. 245 ரூபாய் சரக்கு 600 ரூபாய்!

வரி உள்பட 400 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவிட்டது. பணம் எதுவும் கொடுக்கவில்லை, எனவே ஒரு ரூபாய் கூட நஷ்டம் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் கொடுத்தது.

ஏமாந்தது இந்தியா மட்டும் அல்ல. பிரிட்டன் 20 லட்சம் கிட்டுகளுக்கு 2 கோடி டாலர் அளவில் சீனாவுக்குப் பணம் கட்டியது. ஆக்ஸ்போர்டில் பரிசோதித்தபோது அவை தேறவில்லை.

திருடனும் போலீசும்

கிட் மட்டமான சரக்கு என்பது ஒரு பக்கம். நல்ல கிட்டாக இருந்தாலும் நோயைக் கண்டுபிடிக்க அது உதவாது என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

கொரோனா கிருமி ஒரு திருடன் என்று வைத்துக்கொள்வோம். மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்துச் செய்யும் "ஆர்.டி.பி.சி.ஆர்." சோதனை திருடனையே தேடுகிறது. ரத்தத்தில் செய்யும் இந்த ரேபிட் டெஸ்ட் திருடனைத் தேடுவது இல்லை. திருடனைப் பிடிக்க உடம்பு அனுப்பும் போலீஸ் படை வந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. அந்தப் படைக்குப் பெயர்தான் "ஆன்டிபாடி", எதிர்ப்புப் பொருள்.

திருடன் நேற்று ராத்திரி நுழைந்திருந்தால்? போலீஸ் இன்னும் வந்திருக்காது. கருவி "திருட்டே நடக்கவில்லை" என்று சொல்லிவிடும். திருடன் ஓடிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தால்? போலீஸ் அங்கேயே நிற்கும். கருவி கோடு காட்டும்.

2020 ஜூனில் "காக்ரேன்" என்ற சர்வதேச ஆய்வுக் குழு உலகம் முழுவதும் நடந்த ஆன்டிபாடி சோதனைகளை அலசி முடிவு வெளியிட்டது. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் 100 நோயாளிகளில் 30 பேரைத்தான் அவை கண்டுபிடித்தன. 2-வது வாரத்தில் 72 பேர். 3-வது வாரத்தில் 91 பேர்.

முதல் வாரத்தில்தான் நோய் அதிகமாகப் பரவும். அந்த நேரத்தில் 70 பேருக்கு "ஒன்றும் இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் பஸ் ஏறுவார். கடையைத் திறப்பார். ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கொடுத்துவிட்டு வருவார்.

கணக்குப் போட்டால்...

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தெருவில் 1,000 பேர். அதில் 10 பேருக்கு மட்டும் நோய் என்று வைத்துக்கொள்வோம். கிட் நோயாளிகளில் 90 சதவீதம் பேரையும், நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரையும் சரியாகச் சொல்லும் நல்ல கிட்.

10 நோயாளிகளில் 9 பேர் மாட்டுவார்கள். மீதி 990 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்கு நோய் இல்லாமலே "இருக்கு" என்று வரும். ஆக 59 பேருக்குக் கோடு விழும். அதில் 50 பேர் ஒரு பாவமும் அறியாதவர்கள்! அவர்களைக் கொண்டுபோய் நோயாளிகள் வார்டில் படுக்க வைத்தால் அங்கேயே நோய் ஒட்டிக்கொள்ளும்.

சென்னையில் உதவியது

அப்படியானால் ஆன்டிபாடி சோதனையே வீணா? அதுதான் இல்லை. ஊரில் எத்தனை பேருக்கு நோய் வந்து போயிருக்கிறது என்று கணக்கெடுக்க அது கெட்டிக்காரச் சோதனை.

2020 ஜூலையில் சென்னையில் 12,405 பேரின் ரத்தத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் "எலிசா" முறையில் பார்த்தார்கள். 21.5 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது. 5 பேரில் ஒருவருக்கு நோய் வந்தே போயிருக்கிறது! பலருக்கு அது தெரியவே தெரியாது.

2020 ஜூனில் அனுமதி பெற்ற "ஆன்டிஜென்" ரேபிட் டெஸ்ட் வேறு. அது மூக்கில் குச்சி விட்டு, கிருமியின் பாகத்தையே தேடும். அதில் "பாசிட்டிவ்" வந்தால் நோய்தான். "நெகட்டிவ்" வந்தும் காய்ச்சல், இருமல் இருந்தால் ஆர்.டி.பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்பது அப்போது ஆராய்ச்சிக் கழகம் வைத்த விதி.

லேப்பில் "ரேபிட்" என்று சொன்னதும் தலையாட்டி விடக்கூடாது. குச்சி மூக்குக்கா, ஊசி விரலுக்கா என்று கேட்க வேண்டும். விரலுக்கு என்றால், இன்றைய காய்ச்சலுக்கு அதில் பதில் கிடைக்காது.