அழிந்த கோப்பு திரும்பக் கிடைக்குமா?

டொஸ் முறையில் இயங்கும் பழைய கணனியில், வெளிநாட்டிலுள்ள மகனுக்கு எழுதிய கடிதம் தவறுதலாக அழிந்துவிட்டதா? பதற வேண்டாம்.

கணனி ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் பெயரின் முதலெழுத்தை மாற்றி, அது இருந்த இடத்தைக் காலியென்று குறித்துக்கொள்கிறது. உள்ளே எழுதியவை அப்படியே இருக்கும். இதைப் பயன்படுத்தித்தான் 1982இல் வெளிவந்த பீட்டர் நோர்ட்டனின் மென்பொருள் கோப்புகளை மீட்டது. 1991இல் வந்த எம்.எஸ்.டொஸ் 5.0இலும் 'அன்டிலீட்' கட்டளை உண்டு. அது கேட்கும் முதலெழுத்தைக் கொடுத்தால், பெரும்பாலும் கோப்பு திரும்பக் கிடைக்கும்.

ஆனால், அதற்கு முன் அதே வட்டில் எதையும் புதிதாகப் பதியாதீர்கள். மீட்கும் மென்பொருளைக்கூட பிளொப்பியிலிருந்தே இயக்குங்கள். 'ஸ்கேன்டிஸ்க்' கொண்டு வட்டைத் திருத்துவதும் பிறகுதான். பழைய எழுத்தின்மேல் புதியது பதிந்துவிட்டால், எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.